விழியினுள் கண்ட செம்மணி

கபிலபரணர் என்று இருவரையும் சேர்த்துச் சொல்லியே நமக்குப் பழக்கம். ஆயினும் கபிலர் வேறு, பரணர் வேறு என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அறிவியல் நூல்களில் வரும் இரட்டைப் பெயர்களுக்கு அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. சென்ற பருவத்தில், கட்டிகள் தோன்றாமல் தடுக்கும் மரபணுக்களைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை படித்தேன். வான் ஹிப்பல் லிண்டாவ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்டுபிடித்த மரபணு என்று ஓரிடத்தில் ஒரே மூச்சில் படித்துவிட்டு மேலே சென்றேன். எங்கள் பேராசிரியர் சிரித்துவிட்டார். நான் இருவரை ஒருவராக்கிவிட்டேன் என்றும், அவ்விருவருள் எவரும் எந்த மரபணுவையும் கண்டவரல்லர் என்றும் கூறி, அவர்கள் யார் என்று தேடி வந்து சொல்லுமாறு பணித்தார். வகுப்பே சிரித்த அந்த நாளின் பயன்தான் இக்கட்டுரை.

இருவருள் மூத்தவர் ஆய்கன் வான் ஹிப்பல். ஜெர்மானியக் கண் மருத்துவர். 1867ஆம் ஆண்டில் பிறந்து 1939ஆம் ஆண்டில் மறைந்தவர். சிறைவாசமோ, நாடு கடத்தலோ, உலகைச் சுற்றிய பயணமோ இல்லாத வாழ்க்கை அவருடையது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று அமைதியாக நகர்ந்தவர். ஆயினும் அவர் ஒரு கண்ணுக்குள் கண்ட ஒரு சிறு சிவப்பு உருண்டை, அவர் மறைந்து 80 ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வரை ஒரு பாதையைத் திறந்துவிட்டது.

அவர் பிறந்த ஊர் கோனிக்ஸ்பர்க். அன்று பிரஷ்ய நாட்டின் நகரம்; இன்று கலினின்கிராடு என்னும் பெயருடன் ருஷ்ய நாட்டில் இருக்கிறது. தத்துவ மேதை காண்ட் பிறந்து வாழ்ந்து மடிந்த ஊர் என்றே பலரும் இதனை அறிவர். கண் மருத்துவர்களுக்கோ அவ்வூர் வேறொரு காரணத்தால் திருத்தலம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அங்கே பேராசிரியராக இருந்தபோதுதான் உயிருள்ள மனிதனின் விழிக்குள்ளே பார்க்கும் கருவியை அமைத்து, 1851ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அதற்கு முன்பு கண்மணி என்பது அடி தெரியாத கருங்கிணறு. பார்வை போய்விட்டது என்று நோயாளி சொல்வார், மருத்துவரும் தலையசைப்பார். நோயாளிக்குத் தெரியாதது எதுவும் மருத்துவருக்கும் தெரிந்திராது. ஹெல்ம்ஹோல்ட்சின் கருவி வந்த பிறகு அக்கிணற்றின் அடித்தளம் வெளிச்சத்துக்கு வந்தது. விழித்திரையும், அதன்மேல் கிளை விரிக்கும் குருதிக்குழாய்களும் கண்ணெதிரே தெரிந்தன. எண்ணிப் பாருங்கள்! நம் உடலில் தோலைக் கிழிக்காமல் குருதிக்குழாய்களை நேருக்கு நேர் காணக்கூடிய அரிய இடங்களுள் இது ஒன்று. அக்கருவி பிறந்த ஊரில், அது வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து நம் ஆய்கன் பிறந்தார்.

தந்தையார் ஆர்தர் வான் ஹிப்பல். அவரும் கண் மருத்துவரே. புகழில் அன்று மகனைக் காட்டிலும் பெரியவர். கருவிழியின் மேற்படலம் மங்கியவர்களுக்கு வேறொரு படலத்தைப் பொருத்திப் பார்வை தரலாம் என்று நம்பி, வட்டமாக வெட்டியெடுக்கும் கருவி ஒன்றைக் கடிகாரச் சுருள்வில்லின் விசையால் இயங்குமாறு அமைத்தவர். 1886ஆம் ஆண்டில் ஓர் இளம் பெண்ணின் கண்ணில் முயலின் விழிப்படலத்தைப் பொருத்தினார். இன்று கண்தானம் செய்யுங்கள் என்று நம் ஊர்ச் சுவர்களில் எழுதியிருப்பதைக் காண்கிறோமே, அதன் தொடக்க காலத் துணிச்சல்களுள் அதுவும் ஒன்று. கோனிக்ஸ்பர்க், கீஸன், ஹாலே, கோட்டிங்கன் என்று தந்தையார் பணியாற்றிய ஊர்கள் பல. மூத்த மகன் ராபர்ட் சட்டம் பயின்று பேராசிரியரானார். ஆய்கன் தந்தையின் துறையையே கைக்கொண்டார். பெரிய மரத்தின் நிழலில் செடி வளராது என்பார்கள். ஆய்கன் ஒன்று செய்தார். நிழல் விழாத தொலைவில் வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த இடம் ஹைடல்பர்க் பல்கலைக்கழகக் கண் மருத்துவமனை. அங்கே தலைவராக விளங்கியவர் தியோடர் லேபர். இவரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். கண்ணின் குருதியோட்டத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர். பிறவியிலேயே பார்வை இழக்கும் நோய் ஒன்றையும், குடும்பங்களில் பரம்பரையாக இறங்கும் பார்வை நரம்பு நோய் ஒன்றையும் முதலில் விளக்கியவர். கண்ணின் குழாய்கள், குடும்பத்தின் வழியே வரும் நோய் ஆகிய இவ்விரண்டும் லேபரின் கூடத்தில் அன்றாடப் பேச்சு. பின்னாளில் வான் ஹிப்பல் கண்ட நோயில் இவ்விரண்டும் ஒன்றாகவே வந்து நின்றன. தற்செயல்தான்; என்றாலும் குருவின் கண் சீடருக்கு இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

லேபரின் கூடத்தில் அவர் முதலில் செய்த பணிகளுள் ஒன்று துருவைப் பற்றியது. இரும்புப் பட்டறைகளில் வேலை செய்வோரின் கண்ணில் இரும்புத் துகள் தெறித்து உள்ளே தங்கிவிட்டால், அது கண்ணுக்குள்ளேயே துருப்பிடித்து, அத்துரு படலங்களில் பரவி, நாளடைவில் பார்வையைக் கெடுக்கும். அந்தத் துருவையும், கண்ணுக்குள் கசிந்த குருதியிலிருந்து வரும் இரும்பையும் எப்படிப் பிரித்தறிவது என்பது குறித்து 1894ஆம் ஆண்டில் எழுதினார். பிறவியிலேயே கருவிழியின் பின்புறம் பழுதுற்ற கண்களைப் பற்றி 1897ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவமனையில் கண்டதை ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்காமல் அவர் அடங்கவில்லை என்பதற்கு இவை சான்று.

நிற்க. 1895ஆம் ஆண்டுக்கு வருவோம். ஹைடல்பர்க் கண் மருத்துவர் சங்கத்தின் கூட்டம். அப்போது வான் ஹிப்பலுக்கு வயது 28. விழித்திரையில் வினோதமான மாற்றம் கொண்ட நோயாளி ஒருவரைப் பற்றி அவையோருக்கு எடுத்துரைத்தார். அவர் கண்டது இதுதான்: இயல்பான விழித்திரையில் பார்வை நரம்பு நுழையும் வட்டத்திலிருந்து குழாய்கள் கிளம்பி, ஆற்றின் கிளைகள்போல் போகப் போக மெலிந்து விளிம்பில் மறைந்துவிடும். இந்தக் கண்ணிலோ தமனி ஒன்றும் சிரை ஒன்றும் போகப் போக மெலியவில்லை. பாம்புபோல் நெளிந்து, பருத்து, இணைபிரியாமல் விளிம்பை நோக்கி ஓடி, அங்கே ஒரு செந்நிற உருண்டையில் போய் முடிந்தன. குன்றிமணி போன்ற அந்த உருண்டைக்காகவே அவ்விரு குழாய்களும் ஏற்பட்டவைபோல் இருந்தன. ஒன்று குருதியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மற்றொன்று அங்கிருந்து வாங்கி வருகிறது. ஊருக்கே உரிய வாய்க்காலை ஒரே வயல் வளைத்துக்கொண்டது போன்ற காட்சி.

இத்தகைய உருண்டை தானாக வலிப்பதில்லை. ஆனால் அதன் சுவர்கள் கசியும். கசிந்த நீரும் கொழுப்பும் விழித்திரையின் அடியில் தேங்கும். மெல்ல மெல்ல விழித்திரை தன் தளத்திலிருந்து பெயர்ந்து வரும். பின்னர் கண்ணின் அழுத்தம் ஏறும். முடிவில் பார்வை அறவே போய்விடும். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதில் வெளிப்படும் நோய் இது. என் வயது! இதைப் படித்த இரவு, விடுதியறையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வேறொருவராக இருந்தால் விந்தையான நோயாளியைக் காட்டிவிட்டு அத்துடன் மறந்திருப்பார். வான் ஹிப்பல் மறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1904ஆம் ஆண்டில், கிரேஃப் நிறுவிய புகழ்பெற்ற கண் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். விழித்திரையின் மிக அரிய நோய் ஒன்று என்பதற்குமேல் தலைப்பில் எதையும் அவர் உரிமை கொண்டாடவில்லை. நோய்க்குப் பெயர்கூட வைக்கவில்லை. அது இன்னதென்று உறுதியாகத் தெரியாதபோது பெயர் எதற்கு என்று எண்ணினார் போலும். கண்டதை மட்டும் எழுதினார்.

வார விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, நான் எழுதிக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்து என் தந்தையார் யாரைப் பற்றி என்று கேட்டார். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். முடிந்தவரை விளக்கினேன். அந்த வைத்தியர் அதற்கு மருந்து கண்டுபிடித்தாரா என்றார். இல்லை என்றேன். நோயாளிக்குப் பார்வை திரும்பியதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். படிப்பதால் என்ன பயன் என்ற கேள்வி எனக்குப் புதிதன்று. ஆனால் இம்முறை அதற்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. உண்மைதானே! ஓர் இளைஞனின் கண் ஆண்டுக்கு ஆண்டு இருளுவதை ஒரு மருத்துவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்தார்?

செய்தது இதுதான். 1911ஆம் ஆண்டில், இந்நோயால் கெட்ட கண்ணை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து, அதன் உடற்கூற்று அடிப்படையை வெளியிட்டார். அக்காலத்தில் இலண்டனில் ஜார்ஜ் கோட்ஸ் என்னும் கண் மருத்துவர், விழித்திரையில் கசிவு உண்டாகும் நோய்களைத் தொகுத்து 1908ஆம் ஆண்டில் மூன்று வகையாகப் பிரித்திருந்தார். மூன்றாம் வகையில், குழாய்கள் பருத்துத் திரளும் கண்களையும் சேர்த்திருந்தார். வான் ஹிப்பலின் ஆய்வு, அந்தக் கண்கள் வேறு இனம் என்று காட்டிற்று. அங்கே முதலில் தோன்றுவது கசிவன்று. நுண்ணிய குருதிக்குழாய்களே திரண்டு எழுந்த கட்டி. கசிவெல்லாம் அதன் பின்விளைவு. இப்போதுதான் அவர் பெயர் வைத்தார்: விழித்திரைக் குருதிக்குழாய்க் கட்டி நோய். முதலில் கண்டபோது வயது 28, பெயரிட்டபோது 44. பதினாறு ஆண்டுகள் ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்பதில்தான் எனக்கு அவர்மீது மதிப்பு. தேர்வுத் தாளில் விடை தெரியாதபோதும் பக்கத்தை நிரப்பும் என் போன்றோருக்கு அது எளிதில் வராது.

இங்கே நியாயம் கருதி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்நோயை முதன்முதலில் கண்டவர் வான் ஹிப்பல் அல்லர். இலண்டனில் டிரெச்சர் காலின்ஸ் என்பவர் 1894ஆம் ஆண்டிலேயே, உடன்பிறந்தார் இருவரின் கண்களில் இத்தகைய குழாய்த் திரட்சியைக் கண்டு எழுதிவிட்டார். உடன்பிறந்தார் இருவர் என்பதைக் கவனியுங்கள். குடும்பத்தின் வழியே வரும் நோய் என்பதற்கு அதுவே முதல் தடயம். அப்படியிருக்க நோய் ஏன் வான் ஹிப்பலின் பெயரைத் தாங்குகிறது? முதலில் பார்த்தவருக்கா, விடாமல் பார்த்தவருக்கா பெயர் சேர வேண்டும் என்று கேட்டால், என் வாக்கு இரண்டாமவருக்கே. காலின்ஸை மறந்தது மட்டும் சரியன்று.

1909ஆம் ஆண்டில் வான் ஹிப்பல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1914இல் கோட்டிங்கன் கண் மருத்துவமனையின் தலைமையை ஏற்றார். அதுவரை அந்நாற்காலியில் இருந்தவர் அவருடைய தந்தையாரே. நிழலுக்கு விலகிச் சென்ற மகன், 47ஆம் வயதில் தந்தையின் இடத்துக்கே வந்து சேர்ந்தார். அந்த ஆண்டில்தான் முதல் உலகப்போர் மூண்டது. இரண்டு ஆண்டுகளில் தந்தையார் காலமானார். அதன் பின் கோட்டிங்கனே அவருடைய ஊராயிற்று. இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு செய்தி: மின்கடத்தாப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஆர்தர் வான் ஹிப்பல் இவருடைய அண்ணன் ராபர்ட்டின் மகன், பாட்டனாரின் பெயரைத் தாங்கியவர். யூதக் குடும்பத்தில் பிறந்த அறிஞர் ஜேம்ஸ் ஃபிராங்கின் மகளை மணந்திருந்த அவர், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்.

இனி அந்த மற்றொருவர். சுவீடன் நாட்டு அர்விட் லிண்டாவ் கண் மருத்துவர் அல்லர். நோய்க்கூற்றியல் அறிஞர், இறந்தோரின் உடலை அறுத்து ஆராய்வது அவர் தொழில். 1892இல் பிறந்தவர்; அதாவது வான் ஹிப்பலுக்கு மகன் வயது. சிறுமூளையில் தோன்றும் நீர்க்கட்டிகளை அவர் ஆராய்ந்து வந்தார். நீர்க்கட்டியின் சுவரில் பட்டாணியளவு சிவந்த முடிச்சு ஒன்று இருப்பதையும், அது நுண்ணிய குருதிக்குழாய்களால் ஆனது என்பதையும் கண்டார். அதே உடல்களில் கணையத்திலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் இருந்தன. பழைய ஏடுகளைப் புரட்டி, வான் ஹிப்பல் எழுதிய விழித்திரைக் கட்டியையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே! 1926ஆம் ஆண்டில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் இதனை நிறுவினார். வான் ஹிப்பல் ஒரு சாளரத்தின் வழியே கண்டது வீட்டின் ஒரு மூலையை மட்டுமே என்பது அன்றுதான் தெரிந்தது. கண்ணில் உருண்டை உள்ளவரின் மூளையையும் வயிற்றையும் சோதிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை பிறந்ததும் அன்றே. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் 1911ஆம் ஆண்டின் அந்தத் துல்லியமான வருணனை இல்லாவிட்டால், லிண்டாவ் எதனோடு எதை ஒப்பிட்டிருப்பார்?

வான் ஹிப்பல் 1939ஆம் ஆண்டில் கோட்டிங்கனில் தமது 72ஆம் வயதில் காலமானார். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய ஆண்டு அது. அவர் பிறந்த கோனிக்ஸ்பர்க் அப்போரில் நாசமாயிற்று. லிண்டாவ் 1958இல் மறைந்தார். இந்நோயை அறுதியிடும் விதிகளை 1964ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மெல்மனும் ரோசனும் வகுத்தபோது, இரு பெயர்களும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன.

மனிதர்களின் கதை அத்துடன் முடிந்தாலும் சிவப்பு உருண்டையின் கதை முடியவில்லை. விழித்திரையில் குழாய்கள் எப்படி வளர்கின்றன என்பதே அப்போது விளங்காத புதிர். 1948ஆம் ஆண்டில் ஐசக் மைக்கேல்சன் என்னும் கண் மருத்துவர், விழித்திரையே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை வரவழைக்கிறது என்று ஊகித்தார். வி.இ.ஜி.எஃப். என்று இன்று நாம் படிக்கும் குழாய் வளர்ச்சிப் புரதத்தை 1989இல் பிரித்தெடுத்தபோது அவ்வூகம் உடல் பெற்றது.

கருவில் வளரும் குழந்தையின் விழித்திரையில் ஏறத்தாழ நான்காம் மாதம் வரை குழாய்கள் இல்லை. பிறகு பார்வை நரம்பின் வட்டத்திலிருந்து குழாய்கள் முளைத்து விளிம்பை நோக்கிப் பரவுகின்றன. பிறக்கும் தறுவாயில்தான் விளிம்பைத் தொடுகின்றன. குழாய் இன்னும் வந்து சேராத பகுதியில் செல்கள் ஆக்சிஜனுக்கு ஏங்குகின்றன. அந்த ஏக்கத்தில் எச்.ஐ.எஃப். என்னும் புரதம் செல்லுக்குள் பெருகி, வி.இ.ஜி.எஃப். உண்டாகக் கட்டளையிடுகிறது. அது கசிந்து பரவக் குழாய் அத்திசை நோக்கி வளர்கிறது. கடைமடை வயலுக்கு நீர் எட்டவில்லை என்றால் மடை திறப்பவருக்கு ஆள்மேல் ஆள் அனுப்புவதில்லையா? அதுபோல. நீர் வந்து சேர்ந்ததும் ஆள் அனுப்புவது நிற்க வேண்டும். அதை நிறுத்துவதுதான் வான் ஹிப்பல்–லிண்டாவ் மரபணுவின் வேலை. ஆக்சிஜன் இருக்கும்போது எச்.ஐ.எஃப். மீது ஒரு வேதியியல் குறி விழுகிறது. அக்குறியை இனங்கண்டு பற்றி, அழிப்பதற்கு அனுப்பிவைப்பது இம்மரபணு தரும் புரதம்.

அப்புரதம் இல்லாமற்போனால்? நீர் நிரம்பி வழியும் வயலிலிருந்தும் ஆள் போய்க்கொண்டே இருப்பான்; மடையும் திறந்துகொண்டே இருக்கும். குழாய்மேல் குழாய் வந்து குவியும். 1895ஆம் ஆண்டில் அந்த இளம் மருத்துவர் கண்ட காட்சி இதுவே. பருத்த இரு குழாய்களும் குற்றவாளிகள் அல்ல. பொய்யான கூக்குரலுக்குச் செவிசாய்த்து ஓடி வந்தவை. கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்குழாய்களின் இடையிடையே நுரைபோல் வெளுத்த செல்கள் கிடக்கும். மரபணுவை இழந்தவை அந்த நுரைச் செல்களே என்பது 1990களில் தெரியவந்தது. கட்டி என்று கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதெல்லாம் அவை வரவழைத்த கூட்டம்.

பரம்பரைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதற்கும் கண்ணே வழிகாட்டிற்று. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் வேறொரு புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன், 1971ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒவ்வொரு செல்லிலும் தடுப்பு மரபணு தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரண்டு உண்டு. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் இருப்பதுபோல. இரண்டும் கெட்டால்தான் கட்டி தோன்றும். சிலர் பிறக்கும்போதே ஒரு தாழ்ப்பாளை இழந்து பிறக்கிறார்கள். எஞ்சியது ஏதேனும் ஒரு செல்லில் தற்செயலாகக் கெட்டால் போதும். வான் ஹிப்பல்–லிண்டாவ் நோயும் அவ்வாறே. ஏறத்தாழ 36,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். 1993ஆம் ஆண்டில், மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் இம்மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 213 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதத்துக்கான செய்தி அது. எலியின் விழித்திரையில் இதனை நீக்கிப் பார்த்தபோது, பிறந்த பின் மறைந்துபோக வேண்டிய கருக்காலக் குழாய்கள் மறையாமல் தங்கிவிட்டன என்று 2010ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, இது கட்டியைத் தடுக்கும் மரபணு மட்டுமன்று; கண் செவ்வனே அமைவதற்கும் வேண்டிய மரபணு.

கெலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றது, செல்கள் ஆக்சிஜனை உணரும் இவ்வழியை விளக்கியதற்காக. அவர்களுள் கெலின் இத்துறைக்குள் நுழைந்த வாயிலே இந்நோய்தான். இந்நோயாளிகளின் கட்டிகளில் குழாய்கள் மிகுந்திருப்பதும், சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவுக்குமேல் பெருகுவதும் ஆக்சிஜன் போதாதபோது நிகழ்வன அல்லவா என்று அவர் யோசித்தார்.

மருந்தும் வந்துவிட்டது. எச்.ஐ.எஃப். புரதங்களுள் ஒன்றை முடக்கும் பெல்சூட்டிஃபான் என்னும் மாத்திரைக்கு, இந்நோயாளிகளின் சிறுநீரகம், மூளை, கணையம் ஆகியவற்றில் தோன்றும் கட்டிகளுக்காக அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் 2021இல் ஒப்புதல் அளித்தது. அச்சோதனையில் பங்குபெற்றவர்களின் கண்கட்டிகளிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. சோகை உண்டாவது அதன் பக்கவிளைவு. சிவப்பணு உற்பத்திக்கும் அதே புரதம் வேண்டியிருப்பதால் அது வியப்பன்று. விலையோ நம்மால் நினைக்கவே முடியாதது. ஆனால் விழித்திரைக் கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே கண்டுவிட்டால், லேசர் ஒளியால் சுட்டு அடக்கிவிடலாம். எந்த மாத்திரையும் வேண்டாம். அதனால்தான் இக்குடும்பங்களில் பிறக்கும் குழந்தைக்கு முதலாண்டு நிறையும் முன்பே கண்ணைச் சோதிக்கத் தொடங்குகிறார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்த கருவியின் வழித்தோன்றல்கள்தாம் இன்றும் கையில். மருத்துவர் தேடுவதும் வான் ஹிப்பல் வரைந்து காட்டிய அதே அடையாளத்தை: பருத்த இரு குழாய்கள், அவற்றின் முடிவில் ஒரு செம்மணி.

அதற்கும் முன்பாகக் குழந்தையின் குருதியில் மரபணுவையே சோதித்துவிடலாம். நோயுள்ள ஒருவரின் பிள்ளைகளுள் ஒவ்வொருவருக்கும் அது இறங்கும் வாய்ப்புச் சரிபாதி. சோதனையில் பழுதில்லை என்று தெரிந்த பிள்ளைக்கு ஆண்டுதோறும் கண்ணையும் மூளையையும் பார்க்கும் தொல்லை இல்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் இவையனைத்தையும் என் தந்தையாரிடம் சொன்னேன். லேசரைப் பற்றியோ நோபல் பரிசைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு வராது என்று பெற்றவளிடம் உறுதியாகச் சொல்லிவிட முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வைத்தியரின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.